புத்தகமும் கையுமாகத் திரியும் ஒருத்தியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வரும் பெரியம்மாவிலிருந்து கூடப் படிக்கும் தோழிகள் வரை எல்லோரும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்துப் பதில் சொல்கிறேன். போன வாரம் சொன்னதற்கு நேர்மாறாக இந்த வாரம் சொல்லிவிடுகிறேன், தம்பி கப்பென்று பிடித்துக்கொள்கிறான். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு வயது 21. படிப்பது, பாட்டுக் கேட்பது, நோட்டில் எதையாவது கிறுக்குவது, நாள் இப்படித்தான் போகிறது.

இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறாய்?

மூன்று ஓடிக்கொண்டிருக்கின்றன. தலையணைக்குப் பக்கத்தில் குறுந்தொகை. பைக்குள், கடலில் தீர்க்கரேகையைக் கண்டுபிடித்த வரலாறு. மேசைமேல் ஒரு தடித்த துப்பறியும் நாவல். நாவலில் 300 பக்கம் தாண்டியும் இன்னும் ஒரு கொலைகூட விழவில்லை. எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டே ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பொறுமையாகப் போகிறேன்.

கடல் புத்தகம்தான் இப்போதைய பைத்தியம். நடுக்கடலில் இருக்கும் கப்பல், வடக்கு தெற்காகத் தான் எங்கே இருக்கிறது என்பதைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ பார்த்துச் சொல்லிவிடும். கிழக்கு மேற்காக எங்கே என்பதில்தான் சிக்கல். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. புறப்பட்ட துறைமுகத்தில் இந்த நொடி மணி என்ன என்று தெரிந்தால் போதும், கப்பலின் உச்சிவேளையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுவிடலாம். நான்கு நிமிட வித்தியாசத்துக்கு ஒரு பாகை. ஆனால் அலையில் ஆடும் கப்பலில், வெயிலிலும் குளிரிலும், எந்த ஊசல் கடிகாரம் ஒழுங்காக ஓடும்? 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்கு வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு என்று சட்டமே போட்டது. வானியலாளர்கள் நிலவை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜான் ஹாரிசன் என்ற தச்சரோ கடிகாரம் செய்ய உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவருடைய முதல் கடல் கடிகாரம் 34 கிலோ. நான்காவது வெறும் 13 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோகூட இல்லை. பெரிய சட்டைப்பைக் கடிகாரம் மாதிரி.

நான் நிற்கும் பக்கத்தில் வருடம் 1761. ஹாரிசனுக்கு 68 வயது. அவரால் கடல் பயணம் போக முடியாது என்பதால், மகன் வில்லியம் அந்தக் கடிகாரத்தோடு ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறப்போகிறான். இன்னும் ஏறவில்லை. பேருந்தை விட்டு இறங்க வேண்டியிருந்ததால் அங்கேயே மூடிவிட்டேன்.

மூன்றையும் ஒரே நேரத்தில் படித்தால் குழம்பாதா?

மூன்று தோழிகளோடு பேசினால் குழம்புகிறதா என்ன? ஒரே வகைப் புத்தகம் இரண்டை வைத்துக்கொண்டால்தான் ஆபத்து. ஒருமுறை இரண்டு துப்பறியும் நாவல்களைச் சேர்த்துப் படித்து, இந்தக் கதையின் தோட்டக்காரனை அந்தக் கதையின் கொலைக்காகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

குறுந்தொகை என்றால் பாடப்புத்தகம் ஆயிற்றே. அதைப் போய் ஆசைக்குப் படிப்பார்களா?

தேர்வு முடிந்த பிறகு படித்தால் அது வேறு புத்தகம். கடவுள் வாழ்த்தை விட்டுவிட்டால் 401 பாடல்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும். நாளுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன். ஒரு வருடம், அதற்குமேல் ஒரு மாதம் சொச்சம் ஓடும்.

நேற்று 131-ஆம் பாடல். வேலை முடிந்து ஊர் திரும்புகிறவன், காதலியின் ஊர் இன்னும் தொலைவில் இருக்கிறதே என்று தவிக்கிறான். நிலத்தில் நல்ல ஈரம் இருக்கிறது, காய்வதற்குள் உழுதாக வேண்டும், கையிலிருப்பதோ ஒரே ஒரு ஏர். அந்த உழவனுக்கு இருக்கும் பதைப்புத்தான் தன் நெஞ்சுக்கும் என்கிறான். பாடியவர் பெயர் ஓரேருழவனார். அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. சொந்தப் பெயர் தொலைந்துபோனதால், பாட்டில் வரும் அந்த உவமையையே எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். இதே மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள்: செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார், மீனெறிதூண்டிலார், குப்பைக்கோழியார். ஆள் யார் என்றே தெரியாது, ஆனால் அவர் ஒருநாள் கவனித்த அணில் மட்டும் முற்றத்தில் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறது. எனக்கும் இப்படி ஒரு பெயர் வைக்கச் சொல்லித் தம்பியிடம் கேட்டேன். ‘இன்னும் ஒரு பக்கத்தார்’ என்றான். சாப்பிடக் கூப்பிட்டால் நான் சொல்லும் பதில் அது.

அப்புறம் சொற்கள். யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், தாய் என்றால் அவருடைய தாய். எந்தை, நுந்தை, தந்தை என்பதும் அதே கணக்கு. என், உன், அவர் என்பதெல்லாம் சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் நாம் ‘என் தந்தை’ என்று சொல்வது ‘என் அவருடைய அப்பா’ என்பது மாதிரி ஆகிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் எல்லோரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். யாரும் என் அளவுக்கு அதிரவில்லை.

உரை இல்லாமல் புரியுமா?

புரியாது. முதலில் பாட்டை மட்டும் இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பேன். பிறகு உரை. பிறகு திரும்பவும் பாட்டு. மூன்றாவது தடவை படிக்கும்போது, முதலில் வெறும் சத்தமாக இருந்தது மெல்லப் பேச்சாக மாறும். அந்த மாற்றத்துக்காகத்தான் உரையை முதலில் பார்ப்பதில்லை.

வாய்விட்டுப் படிக்க நீ என்ன சின்னக் குழந்தையா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் கேட்பவர்கள் எல்லோரும் மௌனமாகப் படிப்பதுதான் ‘சரியான’ படிப்பு என்று நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள்.

ஓலைச்சுவடி ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி இருக்காது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எ, ஏ வித்தியாசமும் ஒ, ஓ வித்தியாசமும் தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். குறில் நெடிலைப் பிரித்துக் காட்டும் எழுத்து வடிவங்கள் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கை வைத்த பிறகுதான் நிலைபெற்றன. ஆக, சுவடியைக் கையில் எடுத்தவர் கண்ணால் மட்டும் ஓட்டிக்கொண்டு போயிருக்க முடியாது. வாயால் சொல்லிப் பார்த்து, எங்கே சீர் உடைகிறது, எங்கே எதுகை விழுகிறது என்று காதால் கேட்டுத்தான் சொல்லைப் பிரித்திருக்க வேண்டும். எழுதியிருப்பது பாதி, மீதியைக் குரல் போட்டு நிரப்ப வேண்டும். பாட்டுக்காரர்கள் ஸ்வரம் எழுதி வைத்துக்கொள்வார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அது மாதிரி.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. பழைய கிரேக்க, லத்தீன் சுவடிகளிலும் பெரும்பாலும் சொல் இடைவெளி கிடையாது. 4-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ அறிஞர் அகஸ்டின், மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ் படிப்பதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்: கண் ஏட்டின்மேல் ஓடுகிறது, குரலும் நாக்கும் சும்மா இருக்கின்றன. அதை வைத்து அந்தக் காலத்தில் யாருமே மௌனமாகப் படித்ததில்லை என்று சிலர் சொல்லிவிடுவார்கள். அது அதிகப்படி. ஆனால் நின்று பார்த்துக் குறிப்பெழுதத் தோன்றுகிற அளவுக்காவது அது அவருக்கு விசேஷமாக இருந்திருக்கிறது. இன்றைக்கு என்னைக் குறிப்பெடுப்பார்கள், நான் வாய் அசைப்பதற்காக.

எனக்கு விஷயம் எளிது. நான் காதால் படிக்கிறவள். மௌனமாகப் படித்தாலும் தலைக்குள் ஒரு குரல் ஓடுகிறது. நல்ல வாக்கியம் என்று நான் சொல்வதெல்லாம் அந்தக் குரலுக்கு மூச்சு முட்டாத வாக்கியம்தான். புத்தகம், பாட்டு இரண்டில் எது அதிகம் பிடிக்கும் என்று கேட்டால் பதில் வராததற்கும் இதுதான் காரணம். எனக்கு அவை இரண்டாக இல்லை.

அப்படியானால் ஒலிநூல் கேட்பதும் படித்த கணக்கில் சேருமா?

சேரும். 2019-இல் ஓர் ஆய்வில் அதே கதைகளை ஒன்பது பேரைக் கேட்கவும் படிக்கவும் வைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். சொற்களின் பொருளை மூளை வரைந்துகொள்ளும் விதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் வரைபடமும் எண்களும் உள்ள புத்தகத்தைக் காதால் கேட்பது வேலைக்கு ஆகாது. தீர்க்கரேகைப் புத்தகத்தை முதலில் ஒலியில்தான் தொடங்கினேன். ‘பாகை, கலை, விகலை’ என்று வாசிப்பவர் அடுக்க அடுக்க நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் நான் எந்தக் கடலில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

படிக்கும்போது பாட்டு ஓடுமா?

வாத்திய இசை ஓடும், வரி உள்ள பாட்டு ஓடாது. அதுவும் எனக்குத் தெரிந்த மொழி என்றால் தொலைந்தது. தலைக்குள் ஒரு குரல் வாசித்துக்கொண்டிருக்கும்போது காதில் இன்னொரு குரல் வேறொன்றைச் சொன்னால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இது என் பிரமை இல்லை. கேட்க வேண்டாம் என்று சொல்லி ஒலிக்கவிட்ட பேச்சுகூட நினைவில் வைத்திருப்பதைக் குலைக்கிறது என்பதை உளவியலாளர்கள் 1970களிலிருந்தே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

வீணை நன்றாகப் பொருந்தும். தனி வயலின் பரவாயில்லை. நாதஸ்வரம் வைத்துக்கொண்டு படிக்க முயன்றிருக்கிறேன், புத்தகம் தோற்றுவிட்டது. மழைச் சத்தம் என்று பத்து மணி நேரத்துக்குப் போட்டு வைத்திருப்பார்களே, அதைக் கேட்டால் எனக்குத் துணி எடுக்க ஓடத் தோன்றுகிறது.

மோட்சார்ட் கேட்டால் அறிவு வளருமாமே?

பெரியம்மா கேட்டது. 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு இது. 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மோட்சார்ட்டின் ஒரு சொனாட்டாவைக் கேட்ட பிறகு, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி வரும் என்பது மாதிரியான கேள்விகளில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தப் பலனும் போய்விட்டது. அதில் குழந்தைகளும் இல்லை, ‘அறிவு வளர்ந்தது’ என்ற பேச்சும் இல்லை. பிடித்த எதைக் கேட்டாலும் கொஞ்ச நேரம் உற்சாகமாக இருக்கும், அதுதான் காரணமாக இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. கேட்க நன்றாக இருக்கிறது, கேளுங்கள் பெரியம்மா. அவ்வளவுதான்.

இப்போது என்ன பாட்டு லூப்பில் ஓடுகிறது?

பாட்டை விட இப்போது ராகம் பிடிப்பதுதான் விளையாட்டு. முறையாகச் சங்கீதம் கற்றவள் இல்லை நான். போனில் ஒரு பியானோ செயலி இருக்கிறது, அது போதும். நீங்களும் செய்து பாருங்கள்.

கீபோர்டில் கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருக்கும். வெள்ளையைத் தொடவே கூடாது. மூன்று கட்டைக் கூட்டத்தில் முதல் கட்டையை ஸ என்று வைத்துக்கொண்டு வரிசையாகக் கறுப்பையே வாசித்தால் மோகனம். அதே ஐந்து கட்டைகள்தான், ஆனால் அடுத்த கட்டையை ஸ ஆக்கினால் மத்யமாவதி. மூன்றாவது கட்டையை ஸ ஆக்கினால் ஹிந்தோளம். இரட்டைக் கூட்டத்துக்கு வந்து அதன் முதல் கட்டையில் தொடங்கினால் சுத்த சாவேரி, இரண்டாவதில் தொடங்கினால் சுத்த தன்யாசி. ஸ நகர நகர ராகம் மாறுகிறது. இதற்குக் கிரகபேதம் என்று பெயர். ஸ எது என்பது காதில் உறைக்க வேண்டும் என்பதால் அதை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஐந்தும் மோகனமாகவே கேட்கும்.

தெரிந்தவர்களுக்கு இது அரிச்சுவடி. எனக்கு மூன்று இரவு தூக்கம் போயிற்று. ஒன்று சிரிக்கிறது, ஒன்று சோகமாகத் தலை குனிகிறது, இரண்டுக்கும் அதே ஐந்து கட்டை. கதையிலும் இது உண்டு என்று தோன்றுகிறது. அதே சம்பவங்களை வேறோர் ஆளை நடுவில் வைத்துச் சொன்னால் வேறு நாவல். சரி, இதற்கு மேல் போனால் தத்துவம் பேச ஆரம்பித்துவிடுவேன்.

ஒரே பாட்டை நாற்பது தடவை கேட்டால் சலிக்காதா?

நாற்பத்தொன்றாவது தடவையில் சலிக்கும். அதுவரை, அந்தக் குறிப்பிட்ட திருப்பம் வரப்போகிறது என்று தெரிந்து காத்திருப்பதே சுகம். 2011-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், பாட்டில் புல்லரிக்கும் இடத்தில் மட்டுமல்ல, அது வருவதற்குச் சில நொடிகள் முன்பே, எதிர்பார்க்கும்போதே மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள ரசாயனம் சுரப்பதைப் பார்த்தார்கள். தெரியாத பாட்டில் இந்தக் காத்திருப்புக் கிடைக்காது.

சத்தத்தை மட்டும் குறைத்து வையுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சத்தம் கூடக் கூட அந்த நேரம் மளமளவென்று சுருங்கிவிடும்.

மண்டைக்குள் பாட்டு ஒட்டிக்கொண்டால்?

முழுப் பாட்டையும் ஒருமுறை கேட்டு முடித்துவிடுவேன். பல்லவியின் பாதி மட்டும் சுற்றிக்கொண்டிருப்பதுதான் தொல்லை, முடிவு வரை போனால் பெரும்பாலும் விட்டுவிடும். இன்னொரு வழி சூயிங்கம் மெல்லுவது. சிரிக்காதீர்கள், 2015-இல் இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் சோதித்திருக்கிறார்கள். வாய் வேலையாக இருந்தால் தலைக்குள் பாடும் குரலுக்கு இடம் குறைகிறதாம். என்னைப் போல வாய் அசைத்துப் படிப்பவர்களுக்கு அதை நம்புவது கஷ்டமில்லை.

வருடத்துக்கு எத்தனை புத்தகம் முடிப்பாய்?

எண்ணுவதை விட்டுவிட்டேன். இரண்டு வருடம் முன்பு நூறு என்று இலக்கு வைத்தேன். அக்டோபர் வாக்கில் பார்த்தால், கடையிலும் நூலகத்திலும் நான் புத்தகத்தின் முதுகை அளந்துதான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒல்லியாக இருந்தால் போதும். டிசம்பரில் நூறைத் தொட்டேன், அதில் எழுபதின் கதை இன்று ஞாபகமில்லை.

வேகம் பற்றிப் பேசுபவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல் என்று 2019-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அதைத் தமிழுக்கு அப்படியே போட்டுப் பார்த்து, ‘நான் மெதுவாகப் படிக்கிறேனோ’ என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. ‘வந்துகொண்டிருந்தவர்களையெல்லாம்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல அரை வரி வேண்டும். கவலையை விடுங்கள்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விட்டுவிடுவாயா?

தாராளமாக. எழுதியவருக்குத் தெரியவா போகிறது?

‘படுத்துக்கொண்டு படிக்காதே, மங்கலான வெளிச்சத்தில் படிக்காதே, கண் கெட்டுவிடும்.’

கேள்வி இல்லை, ஆனால் அடிக்கடி வருகிறது. மங்கலான வெளிச்சத்தில் படித்தால் கண் சோர்ந்துபோகும், எரியும், தலை வலிக்கும். நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உற்றுப் பார்க்கும்போது இமைக்க மறந்துவிடுகிறோம், அதனால்தான் கண் காய்ந்து எரிகிறது. அவ்வப்போது ஜன்னல் வழியே தூரத்தில் எதையாவது பார்த்தால் போதும். படுத்துக்கொண்டு படிப்பதில் உண்மையான ஆபத்து வேறு: தடித்த நாவல் தூக்கக் கலக்கத்தில் மூக்கின்மேல் விழும்.

காகிதமா, மின்வாசிப்பானா?

இரண்டும். மின்தாள் திரைக்குள் மிக நுண்ணிய உறைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளை, கறுப்புத் துகள்கள். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். பக்கம் திருப்பும்போது மின்சாரம் எந்தத் துகளை மேலே இழுக்கிறதோ அந்த நிறம் தெரியும். எழுத்து ஒருமுறை உருவாகிவிட்டால் அதைத் தாங்கி நிற்க மின்சாரமே வேண்டாம், அதனால்தான் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கிறது. பயணத்துக்கு அது. ஆனால் ‘அந்த வரி இடப்பக்கம், கீழே, ஒரு காபிக் கறைக்குப் பக்கத்தில் இருந்தது’ என்று தேடும் பழக்கம் எனக்கு உண்டு. மின்வாசிப்பானில் எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்.

புத்தகத்தை மோந்து பார்ப்பது எதற்கு?

பழைய புத்தகம் மணப்பது, அது மெல்லச் சிதைந்துகொண்டிருப்பதால். மரக்கூழ்க் காகிதத்தில் லிக்னின் என்று ஒரு பொருள். காற்றும் வெளிச்சமும் பட்டு அது உடைய உடையக் காகிதம் மஞ்சளாகும். அப்போது பிரியும் வாயுக்களில் வனிலா மணம் தரும் வனிலினும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவுக்கு முந்திய கந்தல்துணிக் காகிதம், அதற்குப் பின்னால் வந்த மரக்கூழ்க் காகிதத்தை விட வெளுப்பாக நிற்பதற்கும் இதுதான் காரணம். புதுப் புத்தகத்தின் மணம் மையும் பசையும். எனக்குப் பழையதுதான். பழைய புத்தகத்தில் இன்னொரு லாபம், உள்ளே கிடக்கும் பொருள்கள். இதுவரை கிடைத்தவை: ஓர் அரச இலை, நரம்பு மட்டும் மிச்சம். கிழிந்த நாட்காட்டித் தாள். ‘மாலை 6-க்கு, மறக்காதே’ என்ற ஒரு வரி. மறந்தாரோ என்னவோ.

பழைய அச்சில் லை, ளை, னை எல்லாம் யானை துதிக்கையைத் தூக்குவது போல வளைந்து நிற்கும். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது அந்தத் துதிக்கை போய்விட்டது. சீர்திருத்தம் சரிதான், தட்டச்சுக்கு எளிது. ஆனாலும் அந்த யானைகளைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.

புத்தகம் நனைந்துவிட்டது, என்ன செய்வது?

பைக்குள் தண்ணீர்ப் பாட்டிலைச் சரியாக மூடாமல் வைத்த பாவத்தால் இதில் எனக்கு அனுபவம் உண்டு. வெயிலில் வைக்காதீர்கள், முடி உலர்த்தியைக் காட்டாதீர்கள். தாள் நெளிந்து சுருங்கிவிடும். புத்தகத்தைச் செங்குத்தாக நிறுத்தி, விசிறி போல லேசாக விரித்து, காற்றோட்டமான நிழலில் விடுங்கள். நிறைய நனைந்திருந்தால் சில பக்கங்களுக்கு ஒருமுறை நடுவில் உறிஞ்சும் தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் உலராவிட்டால் பூஞ்சை வந்துவிடும். உடனே கவனிக்க முடியாது என்றால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். ஆவணக் காப்பகங்களில்கூட இதைத்தான் செய்கிறார்கள், அது பூஞ்சையை நிறுத்திவைத்து நமக்கு நேரம் வாங்கித் தரும். வழவழப்பான படத்தாள் உள்ள புத்தகம் மட்டும் அவசரம். ஈரத்திலேயே பிரிக்காவிட்டால் பக்கங்கள் ஒட்டிச் செங்கல் ஆகிவிடும்.

பூச்சிக்கும் இதே காற்றோட்டம்தான் மருந்து. ஏட்டையும் தாளையும் நேராகத் துளைத்துக்கொண்டு போகும் புழுவுக்குத் தமிழில் இராமபாணம் என்று பெயர். அட்டையிலிருந்து அட்டை வரை ஒரே துளை. பெயர் வைத்தவர் புத்தகம் இழந்த கோபத்திலும் ரசனையை விடவில்லை.

இரவல் தருவாயா?

தருவேன். பிறகு உங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவேன்.

கோடு போடுவாயா?

என் புத்தகம் என்றால் பென்சிலால். நூலகப் புத்தகத்தில் கோடு போடுகிறவர்களோடு பேச எனக்கு விருப்பமில்லை. அதிலும், துப்பறியும் நாவலின் 12-ஆம் பக்கத்தில் ஒரு பெயரை வட்டமிட்டு ‘இவன்தான்’ என்று எழுதியிருந்த அந்த ஆத்மாவோடு.

கதை முடிவை முன்பே சொல்லிவிட்டால் கோபம் வருமா?

வரும், மேலே பார்த்தீர்களே. ஆனால் வர வேண்டுமா என்பதில் சந்தேகம் உண்டு. 2011-இல் கலிஃபோர்னியாவில் சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே சொல்லிப் படிக்கக் கொடுத்தபோது, வாசகர்கள் அவற்றைக் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்தார்கள். வேறு சில ஆய்வுகள் எதிராகவும் சொல்லியிருக்கின்றன. தெரிந்த பாட்டை நாற்பது தடவை கேட்கிறவள் இதைப் பற்றி ரொம்பப் பேசக்கூடாதுதான்.

போன ஞாயிறு தம்பி என் பைக்குள்ளிருந்து கடல் புத்தகத்தை எடுத்து, நடுவில் பிரித்து, ‘அக்கா, 81 நாளில் அந்தக் கடிகாரம் அஞ்சு செகண்ட்தான் பிந்திச்சாம்!’ என்று கத்தினான். ஐந்து நொடி. அந்தக் கடிகாரம் டிக் என்பதே நொடிக்கு ஐந்து தடவை. அவனைத் துரத்திப் பிடித்து அடித்தேன். ஆனால் இப்போது அந்தக் கப்பல் இன்னும் புறப்படாமல் இருப்பதைப் பார்க்க முன்பை விடப் பதற்றமாக இருக்கிறது.

எனக்கு ஒரு புத்தகம் சொல்லேன்.

கடைசியாக எதற்காகத் தூக்கத்தை விட்டாய் என்று சொல். படம், கிரிக்கெட், சண்டை, எதுவானாலும் சரி. அதற்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் இருக்கும். ‘ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்’ என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக விதிகள் ஐந்தில் ஒன்று. ‘எல்லோரும் படித்தே ஆக வேண்டிய’ பட்டியல்கள் இதை மறந்துவிடுகின்றன. என் தோழி ஒருத்திக்கு நாவலே ஆகாது. அவளுக்குப் பாலங்கள் எப்படி இடிந்தன என்று ஒரு புத்தகம் கொடுத்தேன், ஒரே மூச்சில் முடித்துவிட்டு இப்போது எந்தப் பாலத்திலும் நிம்மதியாக நடப்பதில்லை.

அடுத்து என்ன படிக்கப்போகிறாய்?

இன்று இரவு 132-ஆம் பாடல். நாளை பேருந்தில் வில்லியம் கப்பல் ஏறிவிடுவான். அதற்கு முன்னால், இதை எழுதும் சாக்கில் மேசையில் இருந்த நாவலில் நடு நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 317-ஆம் பக்கத்தில் ஒரு வழியாகக் கொலை விழுந்துவிட்டது. மற்ற கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன்.